வாங்கினவர்

ஹமில்டனில், ஜேம்ஸ் வீதி வடக்கில்,
முன்பு சப்பாத்துக் கடையாயிருந்த அறை.
மழை நாளில் இன்னும் தோல் மணக்கும்.
மாதம் ஆயிரத்துத் தொளாயிரம் டொலர், சூடாக்கும் செலவு வேறு.

சாளரம் என்று பெயர் வைத்தேன்.
நகரசபைக்காரி மூன்று தரம் எழுத்துக் கேட்டாள்;
ளகரத்தை எல்லையிலேயே மறித்துவிட்டார்கள்.
இப்போது தபால்காரன் முதல் வரி அலுவலகம் வரை
எல்லோருக்கும் நான் ‘சலாரம்’.
சம்பளத்துக்கு அவர்கள் சொல்லும் சொல்போலவே ஒலிக்கிறது.
பகிடிதான்:
நான்கு வருடத்தில் எனக்கு நானே கொடுக்காதது அது ஒன்று.

வருகிறவர்கள் கழிப்பறை எங்கே என்பார்கள்,
சட்டகத்தை மட்டும் விற்பீர்களா என்பார்கள்,
யானை, தாமரை, உங்கள் ஊர் ஓவியம் ஏதும்...
ஸ்காபரோவிலிருந்து வந்த ஒரு தம்பதி
கைபேசியில் சோபாவின் படத்தைக் காட்டி
இந்த நீலத்துக்குப் பொருந்துமாப்போல் கேட்டார்கள்.
நான் சிரிக்கவில்லை. நல்ல நீலம்.

ஓர்வில் பனி வழிக்கும் லொறி ஓட்டுபவர்.
நவம்பர் முதல் ஏப்ரல் வரை பார்ப்பார்,
மிச்ச மாதங்களில் வரைவார்.
அவருடைய ஏழாம் இலக்கப் படம்:
விடியாத நாலரை மணி, பஸ் தரிப்பிடம்,
கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்கு மட்டும் காத்திருக்கிறது.
ஓரத்தில் அவரே ஒதுக்கிய பனிமேடு.
அதன்மேல் ஏறி இறங்கிய ஒரேயொரு ஆளின் காலடிகள்.

திறப்பு விழா அன்று மைனஸ் பதினெட்டு.
பதினொரு பேர்; நான்கு பேர் குளிர் காயவந்தவர்கள்.
ஓர்வில் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்,
வேறு யாரோ போட்டுவிட்ட முடிச்சு.
பெட்டி வைன் பாதிக்குமேல் மிச்சம்.
யாரும் பாராத நேரம் லாச்சியைத் திறந்து
ஒரு சிவப்பு வட்டத்தைக் கிள்ளி
ஏழாம் இலக்கத்தருகே ஒட்டினேன்.
விற்றதொன்று இருந்தால் மற்றதும் போகும் என்று.
பெரிய பொய் இல்லை, ஒரு பொட்டளவு.

அவர் கண்டுவிட்டார்.
ஒன்றும் கதைக்கவில்லை. வெளியே போய்
பனிக்குள் நின்று யாருக்கோ போன் எடுத்தார்.
கண்ணாடிக்கு அப்பால் வாய் அசைந்தது,
வெள்ளை மூச்சுக்குள் ஒரே சொல்
திரும்பத் திரும்ப.

பிறகு எப்படி உரிப்பது?

அறுநூற்றைம்பது டொலர். என் பங்கு போக
அவருக்கு முந்நூற்றுத் தொண்ணூறு.
பல் கட்ட வைத்திருந்த காசு.
யார் வாங்கினது என்று கேட்டார்.
பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் என்றேன்.
பெரிய பணக்காரராயிருக்கும் என்றார், மரியாதையோடு.

கடையில் எல்லாப் படமும்
தரையிலிருந்து அறுபது அங்குலத்தில்.
அது இந்த ஊர்க் கண்மட்டமாம்.
இதை மட்டும் பின்னறையில்,
வரிக் கடதாசிப் பெட்டிகளுக்கு மேலே,
ஐம்பத்தைந்தில் மாட்டினேன், என் கண்ணுக்கு.
தேத்தண்ணீர் கொதிக்கும்வரை பார்ப்பேன்.
சில நாள் அந்தக் காலடிகள் கூண்டுக்குள் வருகின்றன.
சில நாள் போகின்றன.

பங்குனிக் கடைசியில் இர்மா வந்தாள்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை.
அழைப்பிதழில் அச்சிட்ட சின்னப் படத்தை வெட்டி
குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறாளாம்.
அது என் தரிப்பிடம், என்றாள்.
இரண்டாம் இலக்க பஸ், நாலு நாற்பது.
காலடியும் என்னுடையதாயிருக்கலாம்,
பாருங்கள், என் சப்பாத்து இடதுபக்கம் சாய்ந்து தேயும்.
காலைத் தூக்கிக் காட்டினாள்.

விற்றாயிற்று என்றேன்.
வாங்கினவர் திருப்பித் தருவாரா, கேட்டுப் பாருங்கள்,
மாதம் ஐம்பதாய்க் கட்டுவேன் என்றாள்.
கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

சித்திரை போய் வைகாசியும் பாதி.
ஒவ்வொரு வெள்ளியும் வேலை முடிந்து வருகிறாள்,
கையில் சவர்க்கார மணத்தோடு.
உள்ளே வருவதில்லை. கதவைப் பிடித்தபடி
புருவத்தை மட்டும் உயர்த்துவாள்.
பின்னறையில் கேத்தல் கூவும்.

வாங்கினவர்
இன்னும் மறுமொழி சொல்லவில்லை என்பேன்.