பெற்றுக்கொண்டோம்

எழுத்துக்கு இரண்டு ரூபாய்.
மரப்பலகையும் வெல்வெட் பெட்டியும் தனி.
சிவாஜிநகர் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில்
பதினெட்டு வருஷமாக
அடுத்தவர் பெருமையைச் செதுக்கிப் பிழைக்கிறேன்.
கபடிக் கோப்பை, கவுன்சிலர் பிறந்தநாள்,
ஓய்வுபெறும் வங்கி மேலாளர்.
ஒருவரையும் நேரில் அறிந்ததில்லை.

போன வாரம் கமிட்டிக்காரர்கள் நீட்டிய தாளில்
திருமதி சலேத்மேரி என்றிருந்தது.
முப்பத்தொரு ஆண்டுகால
அயராத மனித உரிமைத் தொண்டைப் பாராட்டி.
"அயராத"வை எடுத்துவிடலாமா என்றேன்.
நாலு எழுத்துக் கூலி மிச்சம்,
சரி என்றார்கள்.

அயர்ந்து நான் பார்த்திருக்கிறேன்.
ஸ்டேஷன் வாசல் புங்கமரத்தடியில்
கைப்பையைத் தலைக்கு வைத்து,
கார்மெண்ட்ஸ் அடையாள அட்டை கழுத்தில் கிடக்க,
வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.
விடியற்காலை நாலு மணி.
எட்டரைக்கு ஷிப்ட்.
உள்ளே, என் அக்கா புருஷனின் சாவை
எழுதமாட்டேன் என்று
ஒரு பேனா மூடியபடி கிடந்தது.

அந்தோணிராஜ் மச்சான்
அடுக்குமாடி வீட்டுக் கழிவுத் தொட்டிக்குள்
முந்நூறு ரூபாய்க்கு இறங்கினார்.
கால் தவறி விழுந்தார் என்றார்கள்.
இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டா
ஒரு மனுஷன் தவறி விழுவான்
என்று கேட்டார் சலேத்தக்கா, கன்னடத்தில்.
மனு எழுதவென்றே கற்ற கன்னடம் அது.
அதில் தக்காளி வாங்கினாலும்
"தயைகூர்ந்து பரிசீலிக்குமாறு" என்றுதான் வரும்.

நாளே பன்னி என்றார்கள்.
நாளை வந்தார்.
நாளே பன்னி.
நாளையும் வந்தார்.
லிங்கராஜபுரத்திலிருந்து இரண்டு பஸ்,
சம்பளத்தில் பிடித்தம்,
வீட்டில் சோறு வடிக்காத கோபத்தில் ஒரு கணவன்.

ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு நகல்.
நகலில் ஊதா மையில் வட்டச் சீல்:
ஸ்வீகரிசலாகிதெ.
சீல் விழுந்தும் தேதி விழாவிட்டால்
கம்பிக்குள் திருப்பித் தள்ளுவார்.
"தேதி போடுங்க சார்.
தேதியில்லாத தாளை
மாதாவிடம்கூடக் காட்ட முடியாது."

ஒன்பதாவது வருஷம் அக்கா கைக்குப் பணம் வந்தது.
ஒப்பந்தக்காரர் இன்றும்
எங்கள் தெருவில்தான் காரைத் திருப்புகிறார்.
ஜெயித்தார் என்று தகட்டில் போட முடியாது.
தோற்றார் என்றும்.

அந்தச் சீல் விழுந்த தாள்கள்
அவர் கட்டிலுக்கடியில்
மூன்று டிரங்குப் பெட்டி.
வீடு இடிக்கப்பட்டவர்கள் ஒன்றில்,
லாக்கப்பில் செத்தவர்கள் ஒன்றில்.
மூன்றாவதை நான் கேட்கவில்லை.
மழைக்காலத்தில் கட்டில்மேல் பெட்டிகள்,
தரையில் அவர்.

விழாவுக்குப் போகவில்லை, வேலை கிடந்தது.
காக்ஸ்டவுன் மண்டபத்தில் சால்வை போர்த்தினார்களாம்.
முக்கால் மணிநேரம் பேசியவர்
இரண்டுமுறை சலோமி என்றாராம்.
அக்கா திருத்தவில்லையாம்.
வாசலில் ஒரு பெண் காத்திருந்தாளாம்,
மகனை ராத்திரி ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள் என்று.

மறுநாள் மத்தியானம்
வெல்வெட் பெட்டி என் மேசைக்குத் திரும்பியது.
எழுத்துப் பிழையோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
சலேத்தக்கா சொன்னார்:
"தேதி இல்லையே, தம்பி."

மச்சான் பெயரைச் சொன்னேன்.
முகம் நினைவில்லை அவருக்கு.
மனு எண் நினைவிருந்தது.

எட்டு எண்கள், பதினாறு ரூபாய்.
அதற்குக் கீழே, கேட்காமலே,
தகட்டின் மூலையில் ஒரு வட்டம் போட்டு
உள்ளே பொடி எழுத்தில் வெட்டினேன்:
பெற்றுக்கொண்டோம்.
அதுவும் எட்டு எழுத்துதான்.
காசு வேண்டாம் என்றேன்.

விரலால் தடவிப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
பதினாறு ரூபாயைச் சில்லறையாக எண்ணி வைத்தார்.
ரசீது கேட்டார்.