வியாழன் வரைக்கும்

பார்க் எக்ஸ்டென்ஷனில் பெப்ரவரி.
பேருந்துக் கண்ணாடியில் கயலினியின் நெற்றி
ஒட்டியிருந்த இடத்தில் மட்டும்
உறைபனி உருகி ஒரு வட்டம்.

முப்பத்தொன்பது தசம் நாலு.
விடிய மூன்று மணிக்கு எழுதிவைத்தேன்,
மின்கட்டண உறையின் முதுகில்.

புரட்டாசியில் சளி. ஐப்பசியில்
கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம்.
மார்கழியில் வயிற்றோட்டம். அது வீடு முழுக்கச் சுற்றி
கடைசியில் என்னிடம் வந்து நின்றது.
சபனெல் தெருவில் என் தையல் மெஷின்
இந்த மாதம் மூன்றாவது நாளாகச் சும்மா இருக்கிறது.
மேற்பார்வைக்கார லூசி ஒன்றும் சொல்லவில்லை.
அவள் சொல்லாததைத்தான்
பேருந்து முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

காத்திருக்கும் அறையில் இருமல்கள்
ஏற்கெனவே அறிமுகமானவை போல் பேசிக்கொண்டன.
ஹெய்ட்டிப் பெண் ஒருத்தி
மகனின் மூக்கைத் துடைத்த கையோடு
என் பிள்ளையின் மூக்குக்கும் வந்துவிட்டு
சிரித்து நிறுத்தினாள்.
கம்பியில் ஓடும் மரமணிகள்,
ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் நக்கிய மணிகள்.
தொடாதே என்றேன்.
தொட்டாள்.

டொக்டர் பூஷார் தரையில் முழந்தாளிட்டு
"எங்கே பொபோ?" என்று கேட்டார்.
இரவு முழுக்க நானும் அதைத்தான் கேட்டேன்:
எங்கயம்மா உவ்வா, காதா, தொண்டையா, வயிறா?
எனக்குக் கிடைத்தது அழுகை.
இப்போது காற்சட்டையை மெல்லச் சுருட்டி
முழங்காலைக் காட்டுகிறாள்.
போன கிழமை விழுந்த காயம்.
அதன்மேல் ஓரம் கறுத்த பிளாஸ்டர்,
பிளாஸ்டரில் ஒரு வாத்து.

டொக்டர் சிரிக்கவில்லை.
விளக்கைத் திருப்பி, வாத்தின் ஓரத்தைத் தூக்கி,
ம்ம் என்று பார்த்து,
நன்றாக ஆறுகிறது என்று தீர்ப்புச் சொன்னார்.
அதற்குப் பிறகுதான்
கயலினி தன் காதைக் கொடுத்தாள்.

வலது காது. உள்ளே சிவப்பு.
ஒரு நிமிடம், சொன்னால் வெட்கம்,
எனக்குச் சந்தோஷமாக இருந்தது:
பெயருள்ள நோய், போத்தலில் மருந்து, முடிந்தது.

முடியவில்லை.
மருந்துச்சீட்டை எழுதி, மடித்து, என் கையில் வைத்து
வியாழன் வரைக்கும் வாங்க வேண்டாம் என்றார்.
அநேகமாகத் தானாகவே போய்விடுமாம்.
நோவுக்குச் சிரப். நிறையத் தண்ணீர்.
மூச்சு இழுத்தால், காதின் பின்புறம் வீங்கினால்,
எழுப்பியும் கண் திறக்காவிட்டால்
வியாழனைப் பார்க்காதே, உடனே ஓடி வா.

என்னிடம் இருப்பது தையற்கூடத்துப் பிரெஞ்சு.
அதில் கேட்டேன்:
ஏன் இத்தனை தரம், நான் எதில் பிழைவிட்டேன்?
"வருடத்துக்கு எட்டு வரும், பத்தும் வரும், மதாம்.
உடம்பு பாடம் படிக்கிறது."
படிப்பு அவளுக்கு.
வீட்டுப்பாடம் எனக்கு.

மூலை மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை
அணைந்து அணைந்து எரிந்தது.
கேட்காமலே கதவு திறந்தது.
கடந்து போனேன். பிறகு திரும்பி வந்து
சிரப்பும், ஒரு பெட்டி வாத்துப் பிளாஸ்டரும் வாங்கினேன்.
சீட்டு பையை விட்டு வெளியே வரவில்லை.

செவ்வாய் இரவு புறங்கையால் அளந்தேன்.
உறையில் இடம் தீர்ந்தது.
புதன் விடிய என் கழுத்தெல்லாம் ஈரம்,
அவளுடைய வியர்வை.
எழும்பிச் சோறு கேட்டாள்,
தயிர் வேண்டாமாம், சீனி போட்டு.

வியாழன் பின்னேரம்
சலவை இயந்திரத்தின் வடிகட்டியில்
வெள்ளைக் கூழாய் ஒட்டியிருந்தது மருந்துச்சீட்டு.
விரலால் வழித்தெடுத்துக்கொண்டு நின்றபோது
ஒரு தும்மல்.

திரும்பிப் பார்த்தேன்.
பிள்ளை தூக்கத்தில்.
தும்மியது நான்.