ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே

பியர் சூடாகிவிட்டது, சீக்கிரம் வா என்று
ஒல்கியெர்த் நான்கு முறை அழைத்திருந்தான்.
நவம்பர். கிடினியாவில் துறைமுகக் காற்று
டிராலி பஸ் கம்பிகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
ஊரே குளிர்பெட்டியாய்க் கிடக்கையில்
குளிர்பெட்டி ரிப்பேருக்குப் போகிறவன் நான்.
இந்த நகைச்சுவையை
இருபத்தோரு வருடமாகச் சொல்கிறார்கள்,
நானும் சிரித்து வைக்கிறேன்.

மதுக்கூடத்தின் நிலவறை.
பல்லில் டார்ச்சைக் கடித்தபடி
கம்ப்ரஸரின் பின்மூடியைக் கழற்றினேன்.
மேலே யாரோ டிரம்மை உதைக்க
பலகை இடுக்கிலிருந்து தூசி
என் கழுத்துக்குள் விழுந்தது.
கிடார் ஒன்று, இன்னும் தூக்கம் தெளியாதது.
வியாழன் தோறும் இப்படி யாராவது வருவார்கள்,
பையன்கள்,
தங்களுக்கு வருத்தம் என்று அறிவித்துக்கொண்டு.

பிறகு அவள் வாயைத் திறந்தாள்.

முதலில் கேட்டது காதில் இல்லை,
இடது கையில் பிடித்திருந்த செப்புக் குழாயில்.
(என் வலது காதைக் கப்பல் பட்டறை
எப்போதோ வாங்கிக்கொண்டது, விலை தரவில்லை.)
அழகான குரல் என்று சொல்ல மாட்டேன்.
கிளம்பிவிட்ட கப்பலைக்
கரையில் நின்று, கயிறில்லாமல்,
தொண்டையால் மட்டும் இழுக்கிறவள் குரல்.
ஒரு சொல்லின் கடைசி எழுத்தை விட மாட்டாள்,
அதன்மேல் ஏறி நின்று
அங்கிருந்து அடுத்ததற்கு எகிறுவாள்.
ஸ்க்ரூ ஒன்று நழுவி எங்கோ உருண்டது.
தேடவில்லை.

வேலையை முடித்தேன், கூலி அதற்குத்தானே.
ரிலே மட்டும்தான் போயிருந்தது.
சுவிட்சைப் போட்டதும்
ம்ம்ம் என்று எழுந்தது கம்ப்ரஸர்.
மேலே பாட்டு நின்றது.

மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு படியேறினேன்.
தோப்ராவா, பெயர் பிறகு தெரிந்தது,
என் தோள் உயரம்கூட இல்லை.
படகுத்துறை டிக்கெட் கவுன்டரின் ஆரஞ்சுச் சட்டை,
வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள்.
"அது என்ன சத்தம்?"
குளிர்பெட்டி.
"நிறுத்த முடியுமா?"
முடியாது என்றான் ஒல்கியெர்த், பியரை நினைத்து.
அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.
ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே,
ஐந்தரைக்கு எட்டாமல்,
எந்தக் கட்டையும் தன் பிள்ளையென்று சொல்லாத சுருதி.
"அப்படியானால் நாம் அங்கே போவோம்."

கிடார்க்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே பிரடைகளைத் திருகினார்கள்.
டிரம் வாசிக்கிற செமோவித்துக்கு
எதுவும் மாறவில்லை. சாண்ட்விச் தின்றான்.

அன்றிரவு பதினோரு பேர்.
அதில் இருவர் கழிவறைக்கு வந்தவர்கள்.
'ஈரத் தீக்குச்சி' என்று குழுவின் பெயரை
அட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.
நான் நிலவறைப் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.
உள்பக்கமாக மட்டும் திறக்கும்
ஒரு கதவைப் பற்றிப் பாடினாள்.
மூன்றாவது பாட்டின் நடுவில்
குளிர் போதும் என்று தெர்மோஸ்டாட் முடிவெடுத்தது.
டக்.
இயந்திரம் நின்றுவிட்டது.
அவள் நிற்கவில்லை.
கிடார்கள் தடுமாறி ஒதுங்கின,
அவள் மட்டும், காலடியில் தரையில்லாமல்,
அதே இடத்தில்.
மூச்சு எங்கே எடுத்தாள் என்று இன்றுவரை தெரியவில்லை.
மறுபடி டக்.
கீழிருந்து ம்ம்ம் எழுந்து வந்து பார்த்தது:
விட்ட இடத்தில், ஒரு மயிரிழை பிசகாமல்,
அவள்.

யாரும் கவனிக்கவில்லை.
எழுந்து நின்று கைதட்டியவன் நான் ஒருவன்,
அதுவும் பாட்டு முடிவதற்கு முன்பே.

கேசட் விற்றார்கள். வேனில் போட்டுக் கேட்டேன்.
எங்கோ ஒலிப்பதிவுக் கூடத்தில் எடுத்தது.
சுத்தமான ஐந்தரைக் கட்டை,
சுத்தமான சுவர்கள்.
நல்ல பாட்டுதான்.
நான் கேட்டது அதில்லை.

இன்று ஒரு பல்மருத்துவர் வீட்டுச் சமையலறையில்
குளிர்பெட்டிக் கதவில் இடது காதை வைத்து
வெகுநேரம் நின்றிருந்தேன்.
பழுது என்னவென்று தெரிந்ததா என்றாள் வீட்டுக்காரி.
இல்லையம்மா,
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.