ஜம்பர்

முதலில் அது அம்மாவின் சட்டை.
முள்ளியவளைத் தையல்காரர்
கொப்பியில் எழுதி வைத்திருப்பார்:
ஜம்பர் இரண்டு, கூலி பாக்கி.
பாய்கிறவர் என்று அதற்கொரு பொருள் இருந்தது
எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.
அம்மா வாய்க்காலைக்கூடச் சுற்றித்தான் போவா.

பிறகு அது அண்ணா.
கோட்டப் போட்டியில்
பேராற்று மணல் கொட்டிய குழி,
ஆறு மீற்றர் பதினொன்று.
ஒலிபெருக்கியில் அருள்மேரி ரீச்சர்
"எங்கட ஜம்பர்!" என்று கத்தினா.
அன்றிரவு பாயில் திரும்பிப் படுக்கும்போதெல்லாம்
அவனிலிருந்து மணல் உதிர்ந்தது.

அதன்பின் எல்லாரும் பாய்ந்தோம்.
பங்கருக்குள் பாய்ந்த தூரத்தை
யாரும் நாடா பிடித்து அளக்கவில்லை.

வழக்கு முடிந்த நாள்
அனுராதபுரத்திலிருந்து
சட்டத்தரணியின் கிளாக்கர் போன் எடுத்தார்.
"ரூபகாந்தனுக்கு ஜம்பர் குடுத்திட்டாங்கள் அம்மா."
அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்தபடி
"அங்க அவ்வளவு குளிரோ?" என்று கேட்டா.
மறுமுனையில் சத்தமில்லை.
என்னைப் பார்த்தா.
ஓம், குளிர்தான் என்றேன்.

அடுத்த பார்சலில்
பனங்கட்டிக்கு மேலே ஒரு கம்பளித் தொப்பி.
கம்பிவலைக்கு அந்தப் பக்கம்
வெள்ளைக் கைதிச் சட்டையில் அவன்
தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"அம்மாக்கு ஆர் என்ன சொன்னது?"
நான் வேறு கதை எடுத்தேன்.
தையல்காரர் செத்ததை, மாடு கண்டு போட்டதை.

இப்போது மாங்குளம் சந்தியில்
பற்றரிக் கடையில் நிற்கிறான்.
முதல் கிழமை ஒரு லொறிக்காரன் வந்து
"அண்ணை, ஜம்பர் கிடக்கோ?" என்றானாம்.
இவன் பதில் சொல்லாமல் நின்றானாம்.
முதலாளிதான்
சிவப்பும் கறுப்புமாய் இரண்டு வயரை
ஆணியிலிருந்து எடுத்து நீட்டியிருக்கிறார்.
"செத்த பற்றரி, எழும்பீட்டுது" என்று
இரவு சோற்றில் கைவைத்தபடி சொன்னான்.
வேறொன்றும் சொல்லவில்லை.

நேற்று என் மகள் டிலக்சனாவின் நெஞ்சில்
துணி இலக்கம், நாலு ஊசி.
அண்ணா வந்தான்.
ஒவ்வொன்றாய்க் கழற்றி
முதுகுப் பக்கம் குத்தினான்.
"முன்னால தெரியோணும் மாமா,
வெட்டிப்போடுவினம்."
"வெட்டினா நான் கதைக்கிறன். நீ ஓடு."

அவள் ஓடத் தொடங்க
எல்லாரும் பலகையைப் பார்த்தோம்,
கால் மிதிக்குமோ என்று.
அவன் மட்டும் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றான்,
மணலைக் கிளறிப் போட்டிருக்கிறார்களா,
விழுந்தால் நோகாதா என்று.