கார் நின்ற இடம்

வெல்லோவின் ஜிகுலியை
செப்டம்பர் கடைசியில் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள்.
பதினேழு வருடம் நின்ற இடத்தில் மிச்சம்
ஒரு நீள்சதுரம்:
நசுங்கிய ஜல்லி, எண்ணெய்க் கறை, ஒரு நட்டு.
நட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
கண் மருத்துவர் சொன்னதைப் பற்றி
அன்றைக்கும் பேசவில்லை.

ஹாப்சலுவின் கடற்காற்று
உயரமான எதையும் விட்டுவைக்காது.
குட்டை டியூலிப் வாங்கினேன்.
காகிதப் பையில் முப்பது கிழங்கு,
சின்ன வெங்காயம் மாதிரி, அதைவிடக் கெட்டியாக.

"மண் செத்த இடம்" என்றாள் பக்கத்து வீட்டு ஹெல்யு.
கறுத்த மண்ணை மட்டும் மூன்று வாளி அள்ளி எடுத்தேன்.
மற்றபடி இதற்குக் கல்லும் சரளையும்தான் பிடிக்கும்;
மலைச்சரிவில் பிறந்த சாதி,
ஈரம் தேங்கினால் அழுகிவிடும்.

நான்கு விரல்கடை ஆழம், கூர்முனை மேலே.
பாதியை அவர் நட்டார், தடவித் தடவி.
எது தலை, எது கால் என்று கேட்கவில்லை.
நானும் திருத்தவில்லை.

டிசம்பரில் ஒருநாள், சன்னலுக்கு வெளியே பனி,
"பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்தாயா?" என்றார்.
பிறகு வெகுநேரம்
சன்னலைவிட்டு நகரவில்லை.

மே இரண்டாம் வாரம்
மஞ்சள், நுனியில் வெள்ளை,
ஜல்லியோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது.
மேகம் வந்தால் கடையை மூடும்;
வெயில் வந்தால்
ஒன்றுமே நடக்காதது போல் திறக்கும்.

"எங்கே?" என்றார், நின்றபடி.
அவர் பார்வையின் நடுவில் ஒரு சாம்பல் வட்டம்,
ஓரங்கள் மட்டும் பாக்கி.
குனிந்தார். "எங்கே?"
மண்டியிட்டார்.
பிறகு
எனக்கு மனப்பாடமான அதே வரிசையில்,
இடது முழங்கை, தோள், ஒரு முனகல்,
மல்லாந்து படுத்தார்,
செருப்பிரண்டும் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்க,
வண்டிக்கு அடியில் நுழைகிறவராக.

முகத்தைக் கொஞ்சம் திருப்பி, ஓரக்கண்ணால்:
"ஆறு இதழ்."
கொஞ்சம் கழித்து,
"அடியில் பச்சை ஓடுது. யாரும் சொல்லவே இல்லையே."
நின்று பார்க்கிற எங்களுக்கு
அது தெரிந்திருக்கவில்லை.

தேநீரைத் தரையில் வைத்தேன், கையெட்டும் தூரத்தில்.
பார்க்காமலே கை நீட்டி எடுத்தார்,
ஸ்பானருக்கு நீட்டுகிற அதே கை.

அவர் நட்டதில் ஏழு இன்னும் வரவில்லை.
தலைகீழாய்க் கிடந்து, வளைந்து,
கல்லைச் சுற்றிக்கொண்டு வரும், தெரியும்.
அதைச் சொல்லவில்லை.
"நாளைக்கும் படுக்க வேண்டியிருக்கும்" என்றேன்,
"ஏழு பாக்கி."