பிரிவு 11, உட்பிரிவு 2

சட்டமூலம் நாற்பத்தாறு பக்கம்.
எனக்கு வந்தது நாலே பக்கச் சுருக்கம்,
கட்சிக்காரருக்கு விளங்குகிற தமிழில்
வெள்ளிக்கு முதல் வேணும் என்று
கடல் கடந்த சட்டத்தரணியின் காரியதரிசி எழுதியிருந்தா.

ஸ்ரான்லி வீதி, போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல்மாடி.
கீழே மெஷின் ஓட
என் தேத்தண்ணியில் வளையம் வளையமாய் நடுங்கும்.
பிறப்புச் சாட்சிப் பத்திரம், விவாகப் பதிவு,
காணாமற்போனதற்கான பொலிஸ் முறைப்பாடு.
பதினேழு வருஷமாய் இந்த ஊர்
என் கையால்தான் இங்கிலீசில் வெளியேறுகிறது.
இன்றைக்குத்தான் முதன்முறையாக
அங்கிருந்து ஒன்று உள்ளே வருகிறது.

"எல்லைப் பாதுகாப்பு" எழுதக் கை தயங்கவில்லை.
மாரிக்கு மாரி ஒரு கதியால் அகலம்
பக்கத்து வளவுக்குள் நகர்த்தி நட்டு
மல்லாகம் கோட்டில் இருபது வருஷம்
வழக்காடின சனம் நாங்கள்.

பிறகுதான் கஷ்டம்.
"அகற்றல்" என்றொரு சொல்.
மாநகரசபை லொறியிலும் அதுதான் எழுதியிருக்கு.
மாற்றி, "திருப்பி அனுப்புதல்" போட்டேன்.
அதில் பாசம் கூடிவிட்டது,
லீவுக்கு வந்த பிள்ளையை
பஸ் ஏற்றிவிடுகிற மாதிரி.
அழித்தேன்.
அகற்றல்.

"ஒழுங்கற்ற விதத்தில் வந்தடைந்தோர்."
நான் ஒழுங்காக நின்றவள்.
முகமாலை வெயிலில்,
கிளியறன்ஸ் கடிதம் வேர்வையில் ஊறாமல்
சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு.
ஒழுங்காக நின்றவர்களில்
எத்தனை பேரைத் திருப்பினார்கள் என்று
எந்த அட்டவணையிலும் இல்லை.

வியாழன் பின்னேரம் கேமலதா வந்தாள்,
உரும்பிராயிலிருந்து, ஸ்கூட்டியில்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டாள்:
"அக்கா, முந்திப் போன ஆக்களையும் பிடிக்குமோ?"

பிரதீபன் போய் ஐந்து வருஷம்.
இரண்டு பரப்புக் காணி ஈட்டில்.
மேன்முறையீடு இன்னும் கிடப்பில்.
அவனுடைய எல்லாக் கடதாசியும் என் கையால் போனவைதான்.

தாளை அவள் பக்கம் திருப்பினேன்.
"குறித்த திகதியின் முன்னர் வந்தடைந்த ஆளெவருக்கும்
இப்பிரிவு ஏற்புடையதாதல் வேண்டும்."

கட்டளைக்கும் வேண்டும், ஆசைக்கும் வேண்டும்,
கோயில் வாசலிலும் அதே வேண்டும்.
யாருக்கு வேண்டும் என்று மட்டும் சட்டம் சொல்லாது.
பிரிவு என்ற சொல்லையும்
அன்றைக்குத்தான் வடிவாய்ப் பார்த்தேன்.

"இது இன்னும் சட்டமில்லை," என்றேன்.
"அங்கே இரண்டாம் வாசிப்பில்தான் நிற்குது."
அவள் மூன்றாம் தரமும் வாசித்து முடித்திருந்தாள்.

"அவர் ஒண்டும் சொல்லேல்லை அக்கா.
அங்க சரியான குளிராம், அவ்வளவுதான்.
நானும் கேக்கேல்லை.
எனக்குத் தெரியும் எண்டு அவருக்குத் தெரியாது."
கீழே மெஷின் நின்றது.
யாரோ சில்லறை எண்ணினார்கள்.

"மாமிக்குக் காட்டோணும்.
காணியை ஈடு வைச்சது அவதான்.
ஒரு எழுத்துத்தானே,
அந்த 'மு'வை 'பி' ஆக்கிவிடுவியளோ?"

முன்னர். பின்னர்.
நாற்பத்தாறு பக்கம் எழுதின ஒருவருக்கும்
தங்கள் சட்டம் தமிழில்
ஒற்றை எழுத்தில் தொங்குகிறது என்று தெரிந்திருக்காது.

நான் நீதவான் முன்னால் சத்தியம் செய்தவள்.
"இது மூலத்தின் உண்மையானதும் சரியானதுமான மொழிபெயர்ப்பு"
என்று ஊதா மையில் ஒரு நாளைக்கு
இருபது தரம் குத்துகிறவள்.

சரியான தாளில் முத்திரை குத்தினேன்.
கையொப்பம், திகதி.
பிறகு கொம்பியூட்டர் பக்கம் திரும்பி
ஒரு எழுத்தை மாற்றி
இன்னொன்று அடித்தேன்.
அதில் முத்திரை இல்லை,
பெயரில்லை, அடிக்குறிப்பில்லை.
இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தேன்.
காசு எவ்வளவு என்றாள்.
எந்தத் தாளுக்கு என்று கேட்க வாய் வரவில்லை.

அவள் படியிறங்கிப் போனாள்.
கொஞ்ச நேரத்தில் கீழே மெஷின் ஓடத் தொடங்கியது.
ஒரு தரம்.
இன்னொரு தரம்.
எதைக் கொப்பி எடுக்கிறாள் என்று
எட்டிப் பார்க்காமல்
ஆறிப்போன தேத்தண்ணியில் வளையங்களைப் பார்த்தேன்.
உட்பிரிவு மூன்று இன்னும் கிடக்கு.