கறை பார்க்கும் விளக்கு

கம்பெனியில் எனக்கு வெள்ளை மட்டும்தான்.
பால் வெள்ளை, பஞ்சு வெள்ளை, நீலம் பூத்த வெள்ளை.
பகலில் எல்லாம் ஒன்றுபோலக் கிடக்கும்.
ஊதா டார்ச்சை அடித்தால்
லாட்டுக்கு லாட்டு ஒரு பொய் வெளியே வரும்:
மிஷின் எண்ணெய்,
யாரோ சாப்பிட்டுத் துடைத்த விரல்,
வேறு சாயப்பட்டறையில் வெளுத்த கை.

அந்த டார்ச்சு ஒரு சனிக்கிழமை
என் டிபன் பைக்குள் தவறி விழுந்தது.
தவறித்தான்.

உடுமலைப் பக்கம் அக்கா வீட்டுத் தோப்பு.
தேங்காய் மட்டைக் குவியல் மழையில் ஊறிக்
கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தது.
ராத்திரி வெளியே போக எழுந்தவள்
பாம்பிருக்குமோ என்று அடித்துப் பார்த்தேன்.
பாம்பில்லை.
மட்டைக்கு மட்டை
பச்சையும் நீலமுமாய்
யாரோ பிசிறு நூலை அறுத்துப் போட்டிருந்தார்கள்.
நூல்கள் நடந்தன.

மரவட்டை.
பகலில் என்றால் செருப்பால் ஒதுக்கியிருப்பேன்.

பதினொன்று பிடித்தேன்.
போசியில் போட்டு ஈரத்துணி கட்டி
பல்லடம் பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தேன்.
"என்னங்கம்மிணி, நாட்டுக்கோழி முட்டைங்களா?"
"ஆமாங்க" என்றேன்.
அதற்கப்புறம் ஒவ்வொரு வேகத்தடைக்கும்
டிரைவர் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

லைன் வீட்டில் என்கூட இருப்பவள் சஞ்சுக்தா.
ஒடிசாக்காரி, ஓவர்லாக்.
கத்துவாள் என்று பார்த்தால்
கோன் நூல் வந்த பெட்டியைக் காலி செய்து
சூடு காட்டிய ஊசியால் மூடியில்
வரிசையாக ஓட்டை போட்டுக் கொடுத்தாள்.
அடியில் நார்த்தூள், மூன்று விரற்கடை.
மேலே புங்கஞ்சருகு.
ஓரத்தில் முட்டை ஓட்டுப் பொடி.
போர்த் தண்ணி தெளித்த முதல் வாரம்
இரண்டு செத்தன, உப்பு.
இப்போது நாங்கள் குடிக்கும் ஆத்துத் தண்ணியில்
அவற்றுக்கும் நாளுக்கு அரை டம்ளர்.

ராத்திரி ஷிப்டு இல்லாத நாள்
விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை அடிப்போம்.
ஒன்பது நூல். சஞ்சுக்தாவின் பனியன். அவள் பல்.

லேப் மாரப்பன்தான் கெடுத்தான்.
"தானா எரியறது வேறைங்க,
அதெல்லாம் வெளிநாட்டு மலையில.
உங்களுது இரவல் வெளிச்சம்,
நம்ம வெளுப்புத்தூள் மாதிரி.
இன்னொண்ணு, அதுக்குக் கண்ணும் கிடையாது."

அன்றைக்கு ராத்திரி
பெட்டிக்கு முன்னால் உட்காரக் கூச்சமாக இருந்தது,
யாருடைய கடன் கணக்கையோ
அவர்களுக்குத் தெரியாமல் படித்துவிட்டதுபோல.
சஞ்சுக்தாவிடம் சொன்னேன்.
"கண் இல்லை. அப்போ யாருக்கு?" என்றாள்.
எனக்குத் தமிழிலும் பதில் தெரியவில்லை.

திங்கட்கிழமை கணக்கெடுத்தார்கள்.
டார்ச்சு ஒன்று குறைகிறது.
கட்டிங் மேஜைக்கு அடியில் நானே போட்டு
நானே தேடி எடுத்துக் கொடுத்தேன்.
மேனேஜர் டீ வாங்கித் தந்தார்.
குடித்தேன்.

இப்போது பெட்டி வெறும் இருட்டு.
மூடியில் காதை வைத்துவிட்டு
"திங்குது" என்கிறாள் அவள்.
எனக்கு ஒன்றும் கேட்பதில்லை.
கைவிட்டால் லேசாகப் பாதாம் வாசம்,
அது அவற்றின் கோபம்.
சோப்புப் போட்டும் மறுநாள் செக்கிங் வரை
விரலில் நிற்கிறது.

ஒன்று மண்ணுக்குள் போய் மேலே வரவில்லை.
தோண்டக் கூடாது.
சட்டை மாற்றும்போது தொட்டால் செத்துவிடும்.
கழற்றிய சட்டையை அதுவே தின்றுவிடுமாம்,
ஒரு பிசிறு விடாமல்.
எங்கள் கம்பெனி பார்த்தால்
வேஸ்ட்டு கணக்கை நினைத்து அழுதுவிடும்.

கோயமுத்தூரில் அதே டார்ச்சு நானூற்றைம்பது.
போனஸ் வரட்டும் என்கிறேன்.
போன மாதமும் அப்படித்தான் சொன்னேன்.

நாளைக்குத் தண்ணி வரும் முறை.
பூசணித்தோல் மாற்ற வேண்டும்.
உள்ளே போய்
பத்தொன்பது நாளா, இருபதா என்று
காலண்டரில் விரல் வைத்து
ஒடியாவில் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.